வாம்பயர் ஆட்டங்களில் கலகக் குழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வாம்பயர் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டேபிள்டாப் ஆட்டத்தை நடத்துகிற கதைசொல்லிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' உலகத்தை வைத்தே பேசுகிறேன். மார்க் ரெயின்-ஹேகன் வடிவமைத்து, 1991-ல் ஒயிட் வுல்ஃப் வெளியிட்ட ஆட்டம் அது. சொந்தமாக உலகம் கட்டுகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

அனார்க்குகள் யார்? புதிதாக வருகிறவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

ஆட்டத்தின் கற்பனை வரலாற்றில், மத்திய கால ஐரோப்பாவில் இன்குவிசிஷன் என்ற திருச்சபை நீதிமன்றத்தின் விசாரணையாளர்கள் வாம்பயர்களைத் தேடித் தேடி எரித்தார்கள். மூத்த வாம்பயர்கள் தாங்கள் தப்பிப்பதற்காக, தாங்களே உருவாக்கிய இளையவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். அந்தத் துரோகத்திலிருந்து கிளம்பியதுதான் அனார்க் கலகம். மூத்தவர்களின் ஆட்சியை எதிர்த்த அந்த இளையவர்களே அனார்க்குகள். அதை அடக்க மூத்தவர்கள் கூடி அமைத்த சங்கம் கமரில்லா. 1493-ல் இங்கிலாந்தின் தார்ன்ஸ் என்ற கிராமத்தில் உடன்படிக்கை ஆனது. கலகக்காரர்களில் பலர் கமரில்லாவின் குடைக்குக் கீழ் திரும்பினார்கள். ஏற்க மறுத்தவர்கள் பிரிந்துபோய் சபாட் ஆனார்கள்.

அதன்பின் ஐந்நூறு ஆண்டுகள் அனார்க்குகள் கமரில்லாவுக்குள்ளேயே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் நிலைமை மாறியது. வாம்பயர் குலங்களில் ஒன்றான ப்ரூஹாவின் பெரும்பகுதி கமரில்லாவை விட்டு வெளியேற, அனார்க்குகள் தனிக் கட்சியாகவே நிற்கிறார்கள். நகரத்தை ஆளும் கமரில்லா தலைவர் பிரின்ஸ், அனார்க் பகுதியை நடத்துபவர் பாரன். தொடங்குவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

வாம்பயர் உலகத்தில் கலகம் எதற்கு? மனிதர்களின் கலகத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் மற்ற எல்லாமே எளிதாகிவிடும்.

மனித சமூகத்தில் எவ்வளவு கொடுங்கோலன் ஆனாலும் ஒருநாள் சாவான். இளையவர்கள் பொறுத்துக்கொள்வதற்கு அதுவே ஒரு காரணம். பத்து வருடம், இருபது வருடம், அப்புறம் நம் முறை வரும். வாம்பயர்களுக்கு அந்த முறை வரவே வராது. 1700-ல் நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்றும் அதே நாற்காலியில் இருப்பார். அவருக்குக் கீழே இருப்பவர் இருநூறு வருடமாக இரண்டாம் இடத்தில் இருப்பார். நேற்று இரவு உருவாக்கப்பட்டவள் தன் பங்குக்காக எத்தனை காலம் காத்திருப்பாள்? கலகம் செய்யாவிட்டால் முடிவே இல்லாத காலம்.

அதாவது காத்திருப்பது என்ற வழியே அடைபட்ட சமூகம் இது. பதவி காலியாக வேண்டுமென்றால் யாராவது அழிய வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும். ஐந்தாம் பதிப்பை எழுதியவர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூத்தவர்களை மத்திய கிழக்கை நோக்கி இழுக்கும் 'பெக்கனிங்' என்ற மர்ம அழைப்பை உலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். நூற்றாண்டுகளாக அசையாத நாற்காலிகள் திடீரென்று காலியாகின்றன. யார் உட்காருவது என்ற சண்டை ஊருக்கு ஊர் தொடங்கிவிடுகிறது. உங்கள் உலகத்தில் பெக்கனிங் தேவையில்லை. ஆனால் ஒரு நாற்காலி ஏன் இந்த வருடம் ஆட்டம் கண்டது என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

ஒரு நகரத்தில் எத்தனை வாம்பயர்கள் இருக்கலாம்?

பழைய பதிப்புகளிலிருந்தே சொல்லப்பட்டு வரும் கணக்கு: ஒரு லட்சம் மனிதர்களுக்கு ஒரு வாம்பயர். இருபது லட்சம் பேர் வாழும் நகரத்தில் இருபது பேர்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நேரம் யோசித்துப் பாருங்கள். இருபது பேரில் நான்கு பேர் மூத்தவர்கள், எட்டு பேர் அவர்களுடைய ஆட்கள், இரண்டு பேர் யாரோடும் சேராதவர்கள் என்று வைத்தால், கலகக் குழுவுக்கு மிஞ்சுவது ஆறு பேர். உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்கள் நான்கு பேர் என்றால், புரட்சிப் படையில் பாதிக்கு மேல் அவர்களே! மக்கள் திரள் கிடையாது, ஊர்வலம் கிடையாது, பொதுக்கூட்டம் கிடையாது. எல்லாருக்கும் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும். யாரை எதிர்க்கிறார்களோ அவரோடு முப்பது வருடமாக ஒரே அறையில் நின்றிருப்பார்கள்.

இதை எழுதும்போது பலர் இருநூறு பேர் கொண்ட நிலத்தடி இராணுவத்தை உருவாக்கிவிடுகிறார்கள். அது போர்க் கதை. வாம்பயர் கலகம் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வெட்டுக்குத்து மாதிரி இருந்தால்தான் கடிக்கும்.

கலகக் குழுவை எங்கிருந்து கட்டத் தொடங்குவது? கொள்கையிலிருந்தா, தலைவரிடமிருந்தா?

இரண்டிலிருந்தும் இல்லை, பசியிலிருந்து. யார் எந்தத் தெருவில் இரத்தம் குடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமைதான் பிரின்ஸின் அதிகாரத்துக்கு அடிப்படை. கமரில்லாவின் ஆறு மரபுச் சட்டங்களில் ஒன்று இதைப் பற்றியதே. ஆகவே நகரத்தின் வரைபடத்தை எடுத்து, வேட்டைப் பகுதிகளை முதலில் பிரித்துவிடுங்கள். இரவு விடுதிகள் நிறைந்த தெரு யாருக்கு? பல்கலைக்கழகம்? துறைமுகம்? யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் கலகக்காரர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் தருகிறேன். நகரத்தின் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள பகுதியில் மூன்று இளைய வாம்பயர்கள் பல வருடமாகக் குடித்து வந்தார்கள். மூவரில் ஒருத்தி உயிரோடு இருந்தபோது இரவுப்பணி நர்ஸ். தூங்கும் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, இவரிடம் எடுக்கலாம், இவரிடம் கூடாது என்று மற்ற இருவருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஒருவரும் சாகவில்லை, சந்தேகமும் எழவில்லை. ஒருநாள் வேற்றூரிலிருந்து ஒரு மூத்தவர் வருகிறார். பிரின்ஸ் அவருக்குப் பழைய கடன் ஒன்று பட்டிருக்கிறார். கடனுக்கு ஈடாக மருத்துவமனைப் பகுதி கைமாறுகிறது. மூவரும் துறைமுகத்தின் கிடங்குப் பக்கம் தள்ளப்படுகிறார்கள். அங்கே இரவில் இருப்பது காவலாளிகளும் நாய்களும்தான். மூவரில் இளையவன் பசி தாங்காமல் ஒரு காவலாளியை முழுவதுமாகக் குடித்துவிடுகிறான். சட்டப்படி, பிரின்ஸின் காவல் அதிகாரியான ஷெரிஃப் வந்து அவனை அழித்துவிடுகிறார்.

மிச்சமிருக்கும் இருவரும் மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையில் சந்திக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை விடுதலையோ சமத்துவமோ இல்லை. மருத்துவமனை திரும்பி வர வேண்டும், ஷெரிஃப் பதில் சொல்ல வேண்டும். கொள்கையெல்லாம் அதற்குப் பிறகு, மூன்றாவது ஆள் சேரும்போது தானாக வரும். ஆட்டக்காரர்களும் இந்த இருவரோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் கேட்பது என்னவென்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

குழு உருவான பிறகு ஒவ்வொரு உறுப்பினருக்கும் மூன்று விஷயம் எழுதி வையுங்கள். இவருக்கு இன்றிரவு என்ன வேண்டும்? எது கிடைத்தால் கலகத்தைக் கைவிடுவார்? யார் கேட்டால் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பார்? மூன்றாவது கேள்விக்கு "யார் கேட்டாலும் மாட்டார்" என்று பதில் உள்ள ஒருவர் இருக்கட்டும். ஒருவர் மட்டும்.

பிரின்ஸைக் கொடூரமானவராகவே காட்ட வேண்டுமா?

வேண்டாம். அவர் பக்கத்தில் உண்மையான நியாயம் ஒன்று இருக்கட்டும். மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி வாம்பயரின் இரத்த வீரியம், அதாவது வயதோடு கூடும் இரத்தத்தின் வலிமை, ஏற ஏற, தரம் குறைந்த இரத்தம் அவருக்குச் சேராது. மூன்றாம் நிலையை எட்டியவருக்கு மிருக இரத்தமும் பையில் அடைத்த இரத்தமும் பசியைத் துளியும் தணிக்காது. வந்த மூத்தவருக்குத் துறைமுகத்தைக் கொடுத்திருந்தால் அங்கே வாரத்துக்கு ஒரு பிணம் விழுந்திருக்கும், போலீஸ் வந்திருக்கும், எல்லாரும் மாட்டியிருப்பார்கள். பிரின்ஸ் இதைச் சொல்லும்போது ஆட்டக்காரர்களுக்குப் பதில் கிடைக்கக் கூடாது. அவர் கணக்கு சரி. அந்தக் கணக்கில் யாருடைய பசி சேர்க்கப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

மாஸ்கரேட்டை, அதாவது மனிதர்களிடமிருந்து மறைந்து வாழும் சட்டத்தை, கலகக்காரர்களும் காக்க வேண்டுமா?

காப்பார்கள். வெளியே தெரிந்தால் எரிவது அவர்களும்தான். ஐந்தாம் பதிப்பில் உளவுத்துறைகளும் திருச்சபையின் வேட்டைக்காரர்களும் சேர்ந்த 'இரண்டாம் இன்குவிசிஷன்' வேறு இருக்கிறது. ஆகவே கலகக்காரர்கள் குண்டு வைக்க முடியாது, அறிக்கை ஒட்ட முடியாது. செய்கிற ஒவ்வொன்றும் மனிதர்கள் கண்ணுக்கு வேறு ஏதோவாகத் தெரிய வேண்டும். கிடங்குத் தீ விபத்து, கட்டட அனுமதி ரத்து, ஒரு வங்கி மேலாளரின் ராஜினாமா. கதைசொல்லிக்கு இது பெரிய வரம். ஒரே சம்பவத்தைச் செய்தித்தாள் சொல்கிறபடி ஒரு முறையும், நடந்தபடி ஒரு முறையும் எழுதிப் பாருங்கள். உலகம் சட்டென்று இரண்டு அடுக்காகிவிடும்.

மாஸ்கரேட்டை உடைப்பேன் என்று மிரட்டும் ஒருவரைக் குழுவுக்குள் வைப்பதும் நல்ல யோசனைதான். அவரை முதலில் தடுக்க வேண்டியவர்கள் அவருடைய தோழர்களாகவே இருப்பார்கள்.

குழுவுக்குள் உளவாளியை வைக்கலாமா? ஆட்டக்காரர்கள் கோபப்படுவார்களே.

கோபம் வருவது துரோகம் திடீரென்று வானத்திலிருந்து விழும்போதுதான். இந்த உலகத்தில் துரோகத்துக்கு விதியே இருக்கிறது. ஒரே வாம்பயரின் இரத்தத்தை மூன்று வெவ்வேறு இரவுகளில் குடித்தவர் அவருக்கு இரத்தப் பிணைப்பால் கட்டுப்பட்டுவிடுவார். அன்பு போலவே இருக்கும், ஆனால் சொந்த விருப்பம் இல்லை.

முதல் அமர்விலேயே குழுவில் ஒருவர் ஒரு மூத்தவரின் இரத்தத்தை ஏற்கெனவே ஒரு முறை குடித்திருக்கிறார் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு இரண்டாம் முறை நடந்திருப்பது தெரியட்டும். மூன்றாவது எப்போது என்ற கவலையை நீங்கள் ஊட்ட வேண்டியதில்லை, அவர்களே சுமந்துகொண்டு அலைவார்கள். அவரைக் காப்பாற்றப் பார்ப்பார்களா, ஒதுக்கி வைப்பார்களா, அதற்கும் மேலே போவார்களா என்பதில்தான் அந்தக் குழுவின் குணம் வெளிப்படும்.

சபாட்டைக் கலகக் குழுவாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஆட்டத்தின் சுருதியே மாறிவிடும் என்று தெரிந்து வையுங்கள். சபாட் மனிதத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும் போராட்டத்தைக் கைவிட்டவர்கள். அவர்களுடைய 'வால்டரி' சடங்கில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் இரத்தம் சிந்தி, எல்லாரும் குடிக்கிறார்கள். மூத்தவர் போட்ட இரத்தப் பிணைப்பை அது அறுக்கிறது. அதே நேரம் குழுவினரை ஒருவரோடு ஒருவர் கட்டிப்போடுகிறது. விடுதலைக்குக் கொடுக்கும் விலை இன்னொரு விலங்கு. இந்த ஒரு சடங்கை மட்டும் எடுத்து உங்கள் அனார்க் குழுவின் விவாதமாக வையுங்கள் என்பது என் யோசனை. பிணைக்கப்பட்ட தோழரை மீட்க வேறு வழியில்லை, சபாட்டிடமிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அந்தச் சடங்கு தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்வார்களா? ஓர் அமர்வு முழுக்கப் பேச அது போதும்.

'ரிக்வியம்' ஆட்டத்தின் கார்த்தியன் இயக்கம் அனார்க்குகள் மாதிரியேதானா?

நெருங்கிய உறவு, வேறு குணம். 2004-ல் வந்த 'வாம்பயர்: தி ரிக்வியம்' தனி உலகம். அதில் கார்த்தியன்கள் மனிதர்களின் அரசியல் முறைகளை எடுத்து வாம்பயர்களுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு நகரத்தில் வாக்குச்சீட்டு, இன்னொன்றில் கம்யூன், வேறொன்றில் ஒற்றைக் கட்சி. எதிர்ப்பதைவிட மாற்று ஆட்சியைக் கட்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ள மேசைக்கு இதுவே பொருத்தம்.

கலகம் வென்றுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுமா?

என்னைக் கேட்டால் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆட்டத்தின் கற்பனை வரலாற்றிலேயே இதற்குப் பெரிய முன்மாதிரி இருக்கிறது: லாஸ் ஏஞ்சலஸ். 1944-ல் ஜெரமி மக்நீலும் தோழர்களும் அங்கே பிரின்ஸாக இருந்த டான் செபாஸ்டியனை வீழ்த்தி, அனார்க் சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். பிரின்ஸ் இல்லாத நகரம். அப்புறம் நடந்தது என்ன? பகுதிகளைப் பாரன்கள் பிரித்துக்கொண்டார்கள். கும்பல்கள் எல்லைக்காக மோதிக்கொண்டன. இரத்தம் கிடைக்கும் தெருக்கள் முன்பிருந்த அளவேதான் இருந்தன. அவற்றைப் பங்கு பிரிக்கிற வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும், செய்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பிரின்ஸ் மாதிரிப் பேசத் தொடங்குவார்.

இதில் வாம்பயருக்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. மனிதப் புரட்சியின் தலைமுறை வயதாகி ஒதுங்கிவிடும். இங்கே வென்றவர் அப்படியே இருப்பார். அவருக்கு வருடங்கள் சேரும், இரத்த வீரியம் ஏறும், முன்பு குடித்த இரத்தம் போதாமல் போகும். யாரை எதிர்த்துக் கலகம் செய்தாரோ அவராகவே மாறுவதற்கு மனம் கெட வேண்டியதில்லை, உடலே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஐஸ் தொழிற்சாலையில் கூடிய அந்த நர்ஸ், முப்பது வருடம் கழித்து மருத்துவமனைப் பகுதியின் பாரனாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக உருவாக்கப்பட்ட ஒருவன் வந்து, எனக்கும் இங்கே இடம் வேண்டும் என்கிறான். அவளுக்கு இப்போது முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது. அந்தக் காட்சியில் அவளாக ஓர் ஆட்டக்காரர் பேச வேண்டும்.

நீண்ட தொடர் நடத்துகிறவர்கள் நடுவில் இப்படிக் காலத்தைத் தாண்டிப் பாருங்கள். மனிதர்களை வைத்து ஆடும் ஆட்டங்களில் இது இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

பகடை விதிகள் அரசியலுக்கு எப்படி உதவும்?

ஐந்தாம் பதிப்பின் பசிப் பகடை இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. பசி பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. பசி எத்தனையோ, அத்தனை சாதாரணப் பகடைகளை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் பசிப் பகடைகளை வைக்க வேண்டும். எல்லாம் பத்து முகப் பகடைதான், ஆறும் அதற்கு மேலும் வெற்றி. தோற்ற உருட்டலில் பசிப் பகடை ஒன்றில் 1 விழுந்தால் உள்ளிருக்கும் மிருகம் தலையைக் காட்டும். இரண்டு 10 விழுந்து அதில் ஒன்று பசிப் பகடையாக இருந்தால் பெரிய வெற்றி, ஆனால் மிருகம் பெற்றுத் தந்த வெற்றி.

இப்போது பேச்சுவார்த்தைக் காட்சியைப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து வந்த இன்னோர் இளையவன் பசி நான்கில் நிற்கிறான். உருட்டுவது ஆறு பகடை, அதில் நான்கு பசிப் பகடை. எதிரே பிரின்ஸ் நிதானமாகக் குடித்துவிட்டு, பசி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். இளையவன் உருட்டுகிறான். இரண்டு 10, ஒன்று பசிப் பகடையில். அவன் சொன்னதைப் பிரின்ஸின் அவை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் சொல்லும்போது மேசையைப் பெயர்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறான். பிரின்ஸ் மெல்லச் சொல்கிறார்: "பார்த்தீர்களா, இவர்களிடமா நகரத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?" மோசமான வேட்டைப் பகுதியைக் கொடுத்தவரும் அவரே, அதனால் வந்த ஆவேசத்தைக் குற்றமாகக் காட்டுகிறவரும் அவரே. இந்த அநியாயத்தை நீங்கள் வசனத்தில் விளக்கவே வேண்டாம், பகடை காட்டிவிடும்.

ஆகவே பிரின்ஸின் அவை கூடும் இரவுகளில் யார் என்ன பசியோடு வருகிறார்கள் என்பதைக் கட்டாயம் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

ஆட்டக்காரர்கள் இல்லாத இடத்தில் குழுக்கள் என்ன செய்கின்றன என்று எப்படிக் கணக்கு வைப்பது?

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள். மேலே அவர்களுடைய திட்டத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் குறுக்கிடாத ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு துண்டை நிரப்புங்கள். நிரம்பினால் அது நடந்துவிட்டது. மூன்று வட்டத்துக்கு மேல் வேண்டாம்.

சில ஆட்டக்காரர்கள் பிரின்ஸ் பக்கம் போக விரும்பினால்?

போகட்டும். முதல் அமர்வுக்கு முன்பே ஒன்றை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்: பாத்திரங்கள் ஒருவரையொருவர் அழிக்கலாமா, கூடாதா? கூடாது என்றால், பக்கம் பிரிந்தாலும் விலக முடியாத ஒரு கட்டு அவர்களுக்குள் இருக்கட்டும். ஒரே உருவாக்கியவர், அல்லது சேர்ந்து மறைத்த ஒரு கொலை. மேசையில் நட்பு கெடாமல் கதையில் பகை வளர்வதற்கு இது போதும்.

நிஜ வரலாற்றுக் கொடுமைகளைக் கதையில் சேர்க்கலாமா?

மிகுந்த கவனம் வேண்டும். 2018-ல் ஐந்தாம் பதிப்பின் கமரில்லா நூலில், ரஷ்யாவின் செச்னியாவில் ஒருபாலீர்ப்பாளர்கள் மீது அப்போது நிஜமாகவே நடந்துகொண்டிருந்த அடக்குமுறையை வாம்பயர்களின் திசைதிருப்பல் வேலையாக எழுதியிருந்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை நீக்கினார்கள். தனி நிறுவனமாக இயங்கிய ஒயிட் வுல்ஃபை அதன் உரிமையாளரான பாரடாக்ஸ் நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொண்டது.

மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்த கொடுமையை வாம்பயர் தலையில் கட்டினால், செய்தவர்களின் பொறுப்பு கரைந்துபோகிறது, பட்டவர்களின் வலி வெறும் பின்னணியாகிவிடுகிறது. வரலாற்றுச் சம்பவத்துக்குப் பக்கத்தில் உங்கள் வாம்பயர்கள் இருக்கலாம், பயந்து ஒளியலாம், தப்பியோடலாம், வேடிக்கை பார்த்துவிட்டுக் காலமெல்லாம் குற்ற உணர்வில் வேகலாம். அந்தச் சம்பவத்துக்கு அவர்கள் காரணமாக இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கூடவே, கதையில் வரவே கூடாதவை எவை, வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டியவை எவை என்று எல்லாரும் எழுதிக் கொடுக்கட்டும். நடுவில் யாருக்காவது தாங்கவில்லை என்றால் மேசையிலுள்ள எக்ஸ் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுங்கள். அடிமைப்படுத்துவதும் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்வதும் இந்த வகை ஆட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கின்றன, அதனால் மற்ற ஆட்டங்களைவிட இங்கே இது அதிகம் தேவை.

முதல் அமர்வை எந்தக் காட்சியில் தொடங்குவது?

கலகத்தில் தொடங்காதீர்கள். பாத்திரங்கள் அவரவர் பகுதியில் சாதாரணமாக வேட்டையாடும் ஓர் இரவு. ஒவ்வொருவரும் யாரிடம் குடிக்கிறார், எப்படி, குடித்த பிறகு அந்த மனிதரை எந்த நிலையில் விட்டுவிட்டு வருகிறார் என்று அவரே சொல்லட்டும். அந்தப் பகுதியின் இரண்டு மூன்று மனிதர்களுக்காவது பெயர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் அமர்வில் பிரின்ஸின் ஆள் வந்து, நாளையிலிருந்து இந்தத் தெரு இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.